இடுப்பு வலி செட்

கட்டிலைச் சுற்றி இருந்தவர்களைச் சொல்லிவிடுகிறேன். கட்டிலில் முருகவேல், வேன் டிரைவர், நாற்பத்து நான்கு வயது, கழுத்தில் டயாலிசிஸ் குழாய். தலைமாட்டில் அவர் மனைவி அமுதா, மடியில் மஞ்சள் பை. கால்மாட்டில் அமுதாவின் தம்பி பிரபு. நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் வேலை. ஆலைச் சட்டையைக்கூட மாற்றாமல் வந்திருந்தான். ஜன்னல் ஓரம் கிட்னி டாக்டரம்மா. கடைசியாக நான், ஏகாம்பரம். புதுப்பட்டினம் கடைத்தெருவில் ஒரு மருந்துக் கடையின் கவுண்டரில் நிற்பவன்.

செங்கல்பட்டில் பெரிய ஆஸ்பத்திரி. பகல் பன்னிரண்டு மணி இருக்கும்.

டாக்டரம்மா கையில் ஒரு சின்னப் பழுப்புக் கவர். அதை உள்ளங்கையில் கொட்டினார். மூன்று மாத்திரை. ஒன்று மஞ்சள், ஒன்று வெள்ளை, ஒன்று சிவப்பு. ஒவ்வொன்றும் அட்டையிலிருந்து தனியாக வெட்டியது. எதிலும் பெயர் முழுதாக இல்லை.

"இவர் சட்டைப் பையில இருந்தது. என்ன மாத்திரைன்னு யாருக்காவது தெரியுமா?"

என் சட்டைப் பையில் வெட்டாத முழு அட்டைகள் இருந்தன. அவற்றோடுதான் பஸ் ஏறியிருந்தேன்.

மருந்துக் கடைக்காரர்கள் சங்கத்து ஆண்டு மலருக்கு எழுதித் தரச் சொன்னார்கள். இப்போது அந்தக் கடையில் நிற்கிற இரண்டு பெண்களும் கேட்டார்கள். அவர்கள் பார்மசி படித்தவர்கள். நான் எட்டாவது. எழுத்து அவ்வளவாக வராது. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

முப்பத்தாறு வருடம் ஒரே கடை. முதல் இரண்டு வருடம் பெட்டி இறக்கினேன், தரை துடைத்தேன், எந்த மருந்து எந்தத் தட்டில் என்று பாடம் செய்தேன். ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டிப் படிக்க வராது. பெயரின் உருவத்தைப் பார்த்து அடையாளம் வைத்துக்கொள்வேன். மூன்றாம் வருடம் கவுண்டருக்கு வந்தேன். என் பயிற்சி அவ்வளவுதான்.

முதலாளி பெயர் சாரங்கபாணி. சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருப்பது அவர் பார்மசி சான்றிதழ். சத்தம் போட மாட்டார். கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையில் துடைப்பார். துடைத்து முடிக்கிறவரை நாங்கள் நிற்க வேண்டும். அதுதான் திட்டு. மாதம் பிறந்தால் காலாவதி பார்க்க வேண்டும். தரையில் விழுந்த மாத்திரை குப்பைக்குத்தான். குழந்தை மருந்துக்கு அளவு மூடி இல்லாவிட்டால் பாட்டிலைத் திருப்பி அனுப்பிவிடுவார். நல்ல கடை என்று ஊரில் பெயர். அந்தப் பெயர் பொய்யில்லை. செட்டும் அந்தக் கடையில்தான் விற்றது.

செட் என்றால் வெளியூர்க்காரருக்குத் தெரியாமல் இருக்கலாம். உடம்பு வலி என்று வருகிறவருக்கு முழு அட்டை வேண்டாம். ஒரு வேளைக்கு வேண்டும். அதனால் மூன்று நாலு மருந்தின் அட்டைகளை ஒன்று ஒன்றாக வெட்டி, கலந்து, கவரில் போட்டுத் தயாராக வைத்திருப்போம். காய்ச்சல் செட், பல் வலி செட், இடுப்பு வலி செட். டாக்டர் சீட்டு வேண்டாம். கேள்வி வேண்டாம். கையை நீட்டினால் கவர்.

கட்டுகிற விதம் இது. காலை ஆறு மணிக்குக் கடை திறப்போம். முதலாளி கை கழுவுவார். கத்தரிக்கோலை ஸ்பிரிட் பஞ்சால் துடைப்பார். பழைய செய்தித்தாளை விரித்து, அதன் மேல் வெள்ளைத் தாளை விரிப்பார். நான் அட்டைகளை அடுக்குவேன். மஞ்சள், வலி மாத்திரை. டைக்ளோபெனாக்கும் பாராசிட்டமாலும் சேர்ந்தது. வெள்ளை, கேஸ் மாத்திரை. சிவப்பு, சத்து மாத்திரை. அவர் வெட்டுவார், நான் கவரில் போடுவேன். நாற்பது கவர் ஆனதும் பிஸ்கட் டின்னில் அடுக்கி மூடுவோம். மூடுவதற்கு முன் முதலாளி ஒரு கவரை எடுத்து அவரே விழுங்குவார். அவருக்கு முட்டி வலி. பிரஷரும் உண்டு. தினமும் அப்படித்தான்.

அட்டையை ஒன்று ஒன்றாக வெட்டும்போது மருந்தின் பெயர் பாதி ஒரு துண்டிலும் பாதி இன்னொரு துண்டிலும் போய்விடும். கவரிலும் கடைப் பெயர் அடிப்பதில்லை. எல்லாவற்றிலும் ஒழுங்கு பார்க்கிற மனிதர் இதில் மட்டும் ஏன் பெயர் போடுவதில்லை என்று நான் கேட்டதில்லை. பெயர் போட்டால் பொறுப்பு வரும். அது எனக்கும் தெரிந்துதான் இருந்தது.

எங்களுக்கு ஒரு பெருமை இருந்தது. சில கடைகளில் செட்டில் சின்னதாக ஒரு வெள்ளை மாத்திரை கூடுதலாகப் போடுவார்கள். ஸ்டீராய்டு. வலி சட்டென்று நிற்கும், ஆள் மறுபடி அதே கடைக்கு வருவார். முதலாளி அதைத் தொட்டதில்லை. அதனால் எங்கள் செட் சுத்தமான செட் என்று நினைத்துக்கொண்டோம்.

கேஸ் மாத்திரைக்கும் ஒரு கதை உண்டு. நான் கவுண்டருக்கு வந்த புதிதில் செட்டில் அது கிடையாது. மாமல்லபுரத்தில் கல் இழைக்கிற ஒருவர் இங்கே மகள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் பத்து செட் வாங்கிப் போவார். வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டு உளி பிடிப்பார். ஒருநாள் மலம் தார் போலப் போகிறது என்றார். முதலாளி உடனே ஆட்டோ வைத்து அனுப்பினார். குடலில் புண், ரத்தம் ஏற்றினார்கள். பிழைத்துக்கொண்டார். மறுநாளிலிருந்து முதலாளி செட்டில் கேஸ் மாத்திரை சேர்த்தார். "இனிமே பயமில்ல ஏகாம்பரம்" என்றார். அதன் பிறகு இருபத்தெட்டு வருடம் பயமில்லாமல் விற்றோம்.

முருகவேல் செட்டுக்கு வந்தது ஓர் ஆடி மாதம். புதுப்பட்டினத்திலிருந்து சிறுசேரி ஐடி கம்பெனிக்கு ஆட்களை ஏற்றிப் போகிற வேன். போக வர நாளுக்கு நாலு நடை. இடுப்பு போய்விட்டது.

"அண்ணாத்த, ஒரு இடுப்பு போடு."

"என்துல பாதி தரட்டா?"

"உன் இடுப்பு இன்னாத்துக்கு ஆவும், நின்னுகினே தேஞ்சி போச்சி. வண்டி ஓட்ற இடுப்பா பாத்து குடு."

தினமும் இப்படி ஏதாவது சொல்வார். ஞாயிறு தவிர ஆறு நாளும் வருவார். கவரை வாங்கி, அங்கேயே வாயில் போட்டு, என் சொம்பில் ஒரு வாய் தண்ணீர் குடிப்பார். ஒரு வாய்தான்.

"இன்னும் குடி முருகவேலு."

"குடிச்சிட்டு? ஓ.எம்.ஆர்.ல எங்க நிறுத்துறது? வேன் நெறைய பொம்பளப் புள்ளைங்க உக்காந்துகினு கீது. அஞ்சு நிமிசம் லேட்டுன்னா போன்லயே புகார் தட்டிருவாங்க. காலைல ஒரு டீ, அப்பால சாயந்தரம் வூட்டுக்கு வந்துதான் தண்ணி."

பெருமையாகத்தான் சொன்னார். நானும் சிரித்தேன்.

அவருக்குப் பிரஷர் இருந்தது. அந்த மாத்திரையும் எங்கள் கடையில்தான். டாக்டர் சீட்டோடு மாதம் மூன்று அட்டை. மார்கழியில் பிரஷர் ஏறிவிட்டது என்று டாக்டர் மாத்திரையை மாற்றினார். புது மாத்திரையில் நீர் பிரிக்கிற மருந்தும் சேர்ந்திருந்தது. பிரஷர் ஏன் ஏறியது என்று டாக்டருக்குத் தெரிய வழியில்லை. வலி மாத்திரையும் பிரஷரை ஏற்றும், ஆனால் செட்டைப் பற்றி அவரிடம் யாரும் சொல்லவில்லை. எனக்குத் தெரிய வழி இருந்தது. நான் யோசிக்கவில்லை. பிரஷர் அட்டையையும் செட்டையும் ஒரே பையில் போட்டுக் கொடுத்தேன்.

தை மாதத்திலிருந்து காலைக்கு ஒன்று, மாலைக்கு ஒன்று என்று இரண்டு கவர் ஆயிற்று.

சித்திரை வந்தது. வெயில் ஏறியது. வலி இறங்கவில்லை.

"அண்ணாத்த, உன் செட்டு இப்ப வேல செய்யல. பேஜாரா கீது. வேற எதுனா ஸ்ட்ராங்கா குடேன்."

நான் வேறு தட்டிலிருந்து ஒரு மாத்திரை எடுத்தேன். அசிக்ளோபெனாக். நிறம் வேறு, கம்பெனி வேறு. "இது வேற மருந்து. ராத்திரி சாப்பாட்டுக்கு அப்பறம் ஒண்ணு" என்றேன். டாக்டர் மாதிரிதான் சொன்னேன். எட்டு நாள் கொடுத்தேன்.

ஒன்பதாம் நாள் காலை முகம் உப்பி இருந்தது. "வாந்தியா வருது அண்ணாத்த. செருப்புகூட டைட்டா கீது" என்றார். கவுண்டருக்கு மேல் எட்டிப் பார்த்தேன். இரண்டு காலும் வீங்கி, செருப்பு வார் தோலில் பதிந்திருந்தது. வாந்திக்கு ஒரு மாத்திரை கொடுத்தேன். அன்றைய இரண்டு செட்டையும் கொடுத்தேன்.

என் பிழை எது என்று கேட்டால் அந்த வாந்தி மாத்திரையைச் சொல்வேன். அதற்கு முன் செய்ததெல்லாம் தெரியாமல் செய்தது. அன்று வீங்கிய காலைக் கண்ணால் பார்த்தேன். பார்த்த பிறகு கொடுத்தேன்.

அன்று முற்பகலில் சிறுசேரி கேட்டில் எல்லாரையும் இறக்கிவிட்டு ஸ்டியரிங்கில் சாய்ந்துவிட்டார். வேனில் வந்த பெண் ஒருத்திதான் ஆம்புலன்சுக்குப் போன் செய்தாள். முதலில் பக்கத்தில் ஒரு ஆஸ்பத்திரி, அங்கிருந்து செங்கல்பட்டு.

மறுநாள் காலை ஏழு மணிக்கு பிரபு கடைக்கு வந்தான். கையில் ஒரு பழுப்புக் கவர்.

"இது உங்க கடை செட்டா சார்?"

முதலாளி வாங்கிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். நானும் நின்றேன், பிரபுவும் நின்றான்.

"கவர்ல பேர் இல்லியேப்பா. செட்டு எல்லாக் கடையிலயும் விக்கிறாங்க."

"நான் சண்டைக்கு வரல சார். மாமாக்கு கிட்னி நின்னுட்ச்சி. உள்ள இன்னா மருந்துன்னு டாக்டர் கேக்கறாங்க. பேர் மட்டும் சொன்னா போதும்."

"எந்தக் கடைன்னே தெரியாதப்ப நான் எந்தப் பேரைச் சொல்றது?"

பிரபு என்னைப் பார்த்தான். நான் பிஸ்கட் டின்னைப் பார்த்தேன். அவன் கவரை வாங்கிக்கொண்டு போனான். அவன் பைக் மசூதித் தெருத் திருப்பத்தில் மறைகிறவரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிறகு ஒரு மணி நேரம் வியாபாரம் செய்தேன். ஆறு பேருக்குச் செட் கொடுத்தேன். ஏழாவது ஆள் கையை நீட்டினார். டின்னை மூடினேன்.

தட்டிலிருந்து ஐந்து அட்டை எடுத்தேன். மஞ்சள், வெள்ளை, சிவப்பு, அந்த இராத்திரி மாத்திரை, பிரஷர் மாத்திரை. சட்டைப் பையில் வைத்தேன்.

"எங்க கிளம்பிட்ட?" என்றார் முதலாளி.

"செங்கல்பட்டு."

"லைசென்ஸ் என் பேர்ல இருக்கு ஏகாம்பரம். போயிடுச்சின்னா கடை மூடணும். உனக்கும் வேலை இல்ல. தெரியுதா?"

"தெரியுது சார்."

"உனக்கு இன்னும் ஒரு பொண்ணு இருக்கு, கல்யாணத்துக்கு."

"இருக்கு சார்."

"தெரிஞ்சும் போற."

"ஆமா சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றவில்லை. நான் செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கினேன். திருக்கழுக்குன்றம் வழியாகப் போகிற பஸ். உட்கார இடம் இருந்தது. நின்றுகொண்டே போனேன்.

வார்டில் டாக்டரம்மா அந்த மூன்று மாத்திரையைக் காட்டிக் கேட்டார். நான் ஐந்து அட்டையையும் எடுத்துக் கட்டிலின் மேல் வைத்தேன்.

"அந்தக் கவர் எங்க கடைது மேடம். குடுத்தது நான். மஞ்சள் இது, வெள்ளை இது, சிவப்பு இது. இது தனியா எட்டு நாள் குடுத்தேன். இது அவரு பிரஷர் மாத்திரை."

பிரபு ஒரு அடி முன்னால் வந்தான். டாக்டரம்மா கையைக் காட்டினார், நின்றான். அவர் அட்டைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் படித்தார்.

"எத்தனை நாளா?"

"ஆடியிலேர்ந்து. தையிலேர்ந்து நாளுக்கு ரெண்டு."

"வேற மாத்திரை சாப்பிடறீங்களான்னு இவர்கிட்ட மூணு தடவை கேட்டேன். இல்லன்னுதான் சொன்னாரு."

முருகவேல் கண்ணைத் திறந்தார். குரல் உள்ளே போயிருந்தது. "மாத்திர துன்னல மேடம். அது செட்டு."

இதைத்தான் நான் முக்கியமாக எழுத நினைத்தேன். எங்கள் ஊரில் செட் மாத்திரையில் சேராது. டீ மாதிரி, வெற்றிலை மாதிரி அது ஒன்று. டாக்டர் கேட்டால் சொல்லத் தோன்றாது. பெயர் இல்லாத பொருளை எப்படிச் சொல்வது? அப்படி ஆக்கி வைத்தது கவுண்டரில் நின்ற நாங்கள்.

அமுதா மடியிலிருந்த மஞ்சள் பையைக் கீழே வைத்தாள். "மொத்தம் எத்தினிண்ணே குட்த?" என்றாள்.

"கணக்கு வெக்கலம்மா."

"வூட்ல நான் போட்ட காபியவிட உன் கையால வாங்கித் துன்னதுதான் ஜாஸ்தி. கணக்கு வெக்கலன்ற."

நான் டாக்டரம்மா பக்கம் திரும்பினேன்.

"கூடவே கேஸ் மாத்திரை போட்டுத்தான் குடுத்தோம் மேடம்" என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் தெரிய வேண்டியிருந்தது.

டாக்டரம்மா திட்டவில்லை. நிதானமாகச் சொன்னார். அவர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன்.

உடம்பில் அடிபட்ட இடத்தில் ஒரு சரக்கு ஊறுகிறது. வலியும் வீக்கமும் அதனால் வருகிறது. வலி மாத்திரை அந்தச் சரக்கை ஊற விடாமல் தடுக்கிறது. ஆனால் அதே சரக்குக்கு வேறு வேலையும் உண்டு. வயிற்றின் உள்பூச்சைக் காப்பது அதுதான். உடம்பில் தண்ணீர் குறையும்போது கிட்னிக்கு வருகிற ரத்தக் குழாயை விரித்து வைப்பதும் அதுதான். மாத்திரைக்கு இடுப்பு எது, கிட்னி எது என்று தெரியாது. எல்லா இடத்திலும் நிறுத்திவிடும். கேஸ் மாத்திரை வயிற்றில் அமிலத்தைக் குறைக்கும். கிட்னிக்கு அதனால் எந்த உதவியும் கிடையாது.

"இவருக்கு மூணும் சேர்ந்துடுச்சு" என்றார். "வலி மாத்திரை உள்ள வர்ற குழாயைச் சுருக்குது. பிரஷர் மாத்திரை வெளிய போற குழாயைத் தளர்த்துது. நீர் மருந்து இருக்கற தண்ணியையும் இறக்குது. இவர் தண்ணியும் குடிக்கல. வடிகட்ட அழுத்தமே இல்ல. இந்த ராத்திரி மாத்திரையும் அதே குடும்பம்தான். கலர்தான் வேற."

பிரபு அப்போதுதான் பேசினான், என்னைப் பார்க்காமல். "எங்க பிளான்ட்லயும் அதான் மேடம். வெளிய கடலே கீது. ஆனா பம்பு அழுத்தம் வுழுந்துதுன்னா பில்டர்ல ஒரு சொட்டு நல்ல தண்ணி வராது."

"அதேதான். பில்டரே கிழிஞ்சு போயிருந்தா என் கையில ஒண்ணுமில்ல. அழுத்தம் விழுந்ததுதான் காரணம்னா திரும்ப வரலாம். ஸ்கேன்ல கிட்னி சுருங்கல. பழைய வியாதியோன்னு சந்தேகம் இருந்தது. இப்போ வேற மாதிரி பார்க்கலாம்."

"வந்துருமா மேடம்?" என்றாள் அமுதா.

"சொல்ல முடியாதும்மா. இந்த மருந்தெல்லாம் இந்த நிமிஷத்திலேர்ந்து கிடையாது. தினமும் சிறுநீரை அளக்கணும். அதுதான் சொல்லும்."

ஒருநாள் விட்டு ஒருநாள் போனேன். கட்டிலுக்கு அடியில் கோடு போட்ட ஜாடி இருக்கும். அமுதா அளந்து சீட்டில் எழுதுவாள். முதல் நாள் நூறு மில்லி. மூன்றாம் நாளும் நூறு. ரத்தத்தை இயந்திரத்தில் விட்டு மூன்று தடவை சுத்தம் செய்தார்கள். ஐந்தாம் நாள் எண்பது. அன்று பிரபு என்னிடம், "நீ வராத. நீ வந்தாலே அக்கா ஜாடியத்தான் பாத்துகினு உக்காந்துடுது" என்றான். நான் அடுத்த முறையும் போனேன். வாசலில் நின்றேன்.

ஒன்பதாம் நாள் நானூறு. அமுதா சீட்டை எனக்குத் தெரியும்படி தூக்கிக் காட்டினாள். பதின்மூன்றாம் நாள் ஆயிரத்து இருநூறு. முருகவேல் என்னைப் பார்த்து, "அண்ணாத்த, இதுக்கு மட்டும் யாரும் புகார் குடுக்கல" என்றார். வார்டில் இரண்டு பேர் சிரித்தார்கள்.

கிட்னி முழுதாகப் பழையபடி வரவில்லை. ரத்தத்தில் கிரியேட்டினின் என்கிற உப்பு, ஒன்றைச் சுற்றி இருக்க வேண்டியது, ஒன்று புள்ளி ஆறில் நின்றுவிட்டது. ஆயுளுக்கும் வலி மாத்திரை கூடாது என்று சீட்டில் சிவப்பு மையால் எழுதிக் கொடுத்தார்கள்.

இனி கடையில் நடந்ததைச் சொல்கிறேன். நான் செங்கல்பட்டு போய் வந்த மறுநாள் வழக்கம் போல ஆறு மணிக்குப் போனேன். வேலை இருக்கிறதா என்று கேட்கவில்லை. முதலாளி கை கழுவி, கத்தரிக்கோலைத் துடைத்து, தாளை விரித்தார். நான் அட்டைகளை அடுக்கவில்லை.

"நான் செட் கட்டல சார்."

"ரெண்டு கடை தள்ளி வாங்கிக்குவாங்க."

"வாங்கட்டும் சார்."

அவர் தானே வெட்டினார், தானே கவரில் போட்டார். மூன்று நாள் அப்படி நடந்தது. செட் கேட்டவர்களுக்கு அவரே எழுந்து வந்து கொடுத்தார். முட்டி வலியோடு எழுந்து எழுந்து உட்கார்ந்தார். அவர் விழுங்குகிற கவரை மட்டும் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். டாக்டரம்மா சொன்னதை அவரிடம் சொன்னேன். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், அறுபது தாண்டியவர்கள், தண்ணீர் குறைவாகக் குடிப்பவர்கள் இதைத் தொடக் கூடாது என்றேன். மூன்றும் அவருக்குப் பொருந்தும்.

"படிச்சவன் நான். எனக்குத் தெரியாதா?" என்றார்.

"தெரியும் சார். அதான் சொல்றேன்."

நாலாம் நாள் காலை லேட்டாக வந்தார். முழங்கையில் பஞ்சு ஒட்டியிருந்தது. பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். மாலையில் ரிப்போர்ட் வந்தது. படித்தார். மடித்து மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். என்ன வந்தது என்று அவர் சொல்லவில்லை. அடுத்த நாள் கத்தரிக்கோல் மேசையில் இல்லை. பிஸ்கட் டின்னில் ரப்பர் பேண்டு போட்டு வைத்திருந்தார்.

அதன் பிறகு நான் நாலு வருடம் நின்றேன். வலி மாத்திரை என்று யார் வந்தாலும் சீட்டு கேட்டேன். சீட்டு இருந்தாலும் கேள்வி கேட்டேன். பிரஷர் மாத்திரை உண்டா? சுகர்? முன்னே வயிற்றுப் புண் வந்ததா? மூச்சிரைப்பு? பெண்கள் என்றால், மாசமா? இன்றைக்கு எத்தனை டம்ளர் தண்ணீர்? வேறு கடையில் செட் வாங்கினீர்களா? கடைசிக் கேள்வியை "மாத்திரை" என்று கேட்டால் இல்லை என்பார்கள். "செட்" என்று சொல்லிக் கேட்க வேண்டும்.

மீன் மார்க்கெட்டில் மீன் அரிகிற காசியம்மா எரிந்து விழுவாள். "இன்னாண்ணா நீ, மணிக்கட்டு வலிக்கு வந்தா போலீசு மாதிரி விசாரிச்சினுகீற? அடுத்தது ரேசன் கார்டு கேப்பியா?"

"கேப்பேன். மொதல்ல தண்ணி எவ்ளோ குடிச்சன்னு சொல்லு."

"போய்யா, அவன் கடையில கேக்காம குடுக்கறான்."

போனாள். பாதிப் பேர் போனார்கள். சிலர் திரும்பி வந்தார்கள். காசியம்மா இரண்டு மாதம் கழித்து வந்து, கவுண்டரில் கையை ஊன்றி, "ஆறு டம்ளர். சுகர் கீது. செட்டு துன்னல. போதுமா?" என்றாள். சீட்டு இல்லை. டாக்டரிடம் அனுப்பினேன். திட்டிக்கொண்டே போனாள். சீட்டோடு வந்தாள்.

இப்போது போனிலேயே மாத்திரைக்குச் சொல்லிவிடுகிறார்கள். வீட்டு வாசலில் வந்து இறங்குகிறது. கவரில் பெயர் இருக்கிறது. கேள்விதான் இல்லை. கடையில் நிற்கிற பெண்களுக்கு நான் சொல்வது இதுதான். பணத்தை வாங்குவதற்கு முன் கேள்வியைக் கேளுங்கள். திட்டுவார்கள். கேளுங்கள்.

போன மாதம் வேலையை விட்டேன். கடைசி நாள் வீட்டுக்கு வந்து ஒரு தாளை எடுத்து உட்கார்ந்தேன். ஆடி முதல் மார்கழி வரை ஆறு மாதம், மாதம் இருபத்தாறு நாள், நாளுக்கு ஒரு வலி மாத்திரை. தை, மாசி, பங்குனி மூன்று மாதம், நாளுக்கு இரண்டு. சித்திரையில் பதின்மூன்று நாள், நாளுக்கு இரண்டு. இராத்திரி மாத்திரை எட்டு. பங்குனியில் பெரிய மகள் வளைகாப்புக்கு நான் மூன்று நாள் லீவு, அந்த ஆறைக் கழித்தேன். அந்த ஆறையும் அவர் முதலாளியிடம் வாங்கியிருப்பார். என் கையால் கொடுத்தது மட்டும் என் கணக்கு.

தாளை மடித்துக்கொண்டு முருகவேல் வீட்டுக்குப் போனேன். அவர் வேன் எடுத்துப் போயிருந்தார், ஸ்டியரிங் பக்கம் இரண்டு லிட்டர் பாட்டிலோடு. அமுதா வாசலில் நின்றாள். உள்ளே கூப்பிடவில்லை. போகவும் சொல்லவில்லை.

"இன்னாண்ணே?"

"அன்னிக்கு ஆஸ்பத்திரில ஒண்ணு கேட்டியேம்மா. மொத்தம் எத்தினின்னு."

அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"சொல்லு."

"முந்நூத்தி நாப்பது."